நத்தைப் படம்

சேரப்பணஞ்சேரியில் கலைமதி என்ற பேரில் மூன்று பெண்கள் உண்டு. பால் சொசைட்டிக்காரர் மருமகள் ஒருத்தி. படப்பையில் தையல் கடை வைத்திருக்கிறவள் ஒருத்தி. மூன்றாமவள் பரசுராமன் மகள். அவள் வீட்டுக்கு வழி கேட்டால், “எந்தக் கலைமதி, நத்தை கலைமதியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். மெதுவாக நடக்கிறவள் போலிருக்கிறது என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. காலையில் கம்பெனி பஸ் முனையில் திரும்பும்போதுதான் தலையை வாரிக்கொண்டிருப்பாள், ஆனாலும் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனதாகச் சரித்திரம் கிடையாது. அந்தப் பேர் வந்த விதம் வேறு.

பரசுராமன் பெண்சாதி சரோஜா மண்ணூர்க்காரி. சரோஜாவுக்கு ஓர் அக்காள். அக்காளை வெளியே கொடுக்காமல் மண்ணூரிலேயே தாய்மாமன் மகனுக்குக் கட்டிவிட்டார்கள். அந்த அக்காள் மகள் பூர்ணிமா. அவளும் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். ஆக, பூர்ணிமா கலைமதிக்குப் பெரியம்மா மகள், அக்காள் முறை. இவளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு பின்னால் வரப் போகிறாள்.

கலைமதி டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். காரில் சீட்டைத் தாங்குகிற இரும்பு பிராக்கெட் செய்கிற கம்பெனி. குவாலிட்டியில் வேலை. பிராக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, கோளாறு இருந்தால் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோளாறு இல்லையென்று அப்புறம் தெரிந்தால் தின்னரைத் துணியில் தொட்டு அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். அதனால் குவாலிட்டிப் பெண்கள் எல்லோரிடமும் ஒரு சின்னத் தின்னர் பாட்டில் இருக்கும். கையில் கறை பட்டாலும் தின்னர், டிபன் டப்பாவில் மை பட்டாலும் தின்னர். “மூஞ்சியில பரு வந்தாக்கூட தின்னரைத்தான்டி வெப்பீங்க” என்று சரோஜா திட்டுவாள்.

அந்தக் கம்பெனிகளில் செல்போன் கேமராவுக்கு அனுமதியில்லை. கேட்டிலேயே போனின் கண்ணில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார்கள். கோளாறான சரக்கைப் படம் பிடிக்க வேண்டுமானால் டிபார்ட்மென்டுக்கு என்று ஒரே ஒரு டிஜிட்டல் கேமரா உண்டு. உள்ளங்கை அளவு, வெள்ளி நிறம். அதில் மெமரி கார்டு போடக்கூடாது. போட்டால் யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்களாம். கேமராவின் வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கிறது, கொஞ்சம் படம் தங்கும். ஆபீசில் இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் அதை இறக்க முடியும். அந்தக் கேமராவை எடுத்துப் போக பாஸ் கொடுப்பார்கள். அந்த வருஷம் பாஸ் கலைமதி பேரில் இருந்தது. பர்மனென்ட் ஆகிறவர்களுக்குத்தான் அது வரும் என்று லைனில் ஒரு பேச்சு. சரோஜாவைக் கேட்க வேண்டுமா? ரேஷன் கடை வரிசையிலும், “எம்பொண்ணு கையிலதான் கம்பெனி கேமராவே கீது” என்பாள்.

அது ஐப்பசி அடைமழை. ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போன ஒரு லோடு துருப்பிடித்திருக்கிறது என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. அங்கே சீட்டு பொருத்துகிற பெரிய கம்பெனி. சரக்கைத் திறந்ததும், “தார்ப்பாய் ஒழுங்கா கட்டல, டிரைவர் மேலதான் தப்பு” என்று முடிவு கட்டிவிட்டார்கள். கலைமதியின் சூப்பர்வைசர் லோகேஷ் அவளைக் கூப்பிட்டு, “கேமராவை எடுத்துட்டுப் போ. தார்ப்பாய், லாரி, துரு, எல்லாம் புடிச்சிட்டு வா. சாயங்காலம் மீட்டிங் கீது, அதுக்குள்ள மெயில்ல போட்டாவணும்” என்றான். மாற்றுச் சரக்கு கொண்டுபோன குட்டியானை வண்டியில் அவளை ஏற்றி அனுப்பினான். கேமராவோடு தனியாக வெளியே போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இருங்காட்டுக்கோட்டை கேட்டில் சந்திரம்மாள் என்று ஒரு செக்யூரிட்டி. பெண்களைச் சோதிக்கிற பொறுப்பு அவளுடையது. போனை வாங்கி வைத்துக்கொண்டாள். கேமரா பாஸைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், பெரிய ஸ்டிக்கர் ஒன்றை உரித்து லென்ஸின்மேல் அழுத்தி ஒட்டினாள்.

“அக்கா, படம் புடிக்கத்தான் வந்துகிறேன். கண்ணை மூடிட்டா எப்பிடிப் புடிக்கறது?”

“டாக்ல போயி பிச்சிக்க. வழியில இன்னா புடிப்பியோ, எனக்குத் தெரியுமா?”

சரக்கு இறக்குகிற மேடைதான் டாக். அங்கே லாரி பின்பக்கத்தைக் காட்டி நின்றிருந்தது. டிரைவர் இசக்கிதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரகடம் ரூட்டில் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர். அவரை உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை. லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு நிற்க வைத்திருந்தார்கள். கலைமதியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“தங்கச்சி, ஒரு கட்டு அவுந்திருக்கான்னு நீயே பாரும்மா. நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ. இன்னைக்குச் சாயங்காலம் என்னை பிளாக் பண்ணப் போறாவளாம். என் போட்டோவை எல்லாக் கம்பெனி கேட்டுலயும் ஒட்டிருவாவளாம். அப்புறம் எந்த ஓனரு எனக்கு ஸ்டியரிங்கைக் குடுப்பான்? இந்த வயசுல நான் வேற என்ன தொழிலுக்குப் போவேன்?”

கலைமதி லாரிக்குள் ஏறினாள். பிராக்கெட் அடுக்கிய கிரேட்டுப் பெட்டிகள் மூன்று அடுக்காக இருந்தன, மேல் அடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்து, எண்ணெய்ப் பசையோடு இருந்தன. நடு அடுக்கும் அப்படியே. கீழ் அடுக்கில்தான் துரு. மேலே ஒழுகியிருந்தால் மேல்தானே நனைந்திருக்கும்? கீழ்க் கிரேட்டின் வெளிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குச் சேற்றுக் கோடு, கையால் வரைந்த மாதிரி நேராக ஓடியது. இரண்டு நாள் முன்னால் அவள் கம்பெனி ஸ்டோருக்கு வெளியே தண்ணீர் கட்டி நின்றது. பேன்ட்டை மடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில்தான் நடந்தாள். அந்தத் தண்ணீரில்தான் இந்தக் கிரேட்டுகள் நின்றிருந்தன. லோகேஷிடம் சொன்னதற்கு, “மேலாப்ல தொடச்சி ஏத்தச் சொல்லு” என்றான்.

லென்ஸிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்தாள். ஈரக் காற்று. ஸ்டிக்கர் கையோடு வந்தது, கோந்து லென்ஸிலேயே தங்கிவிட்டது. முதல் படம் புகை மூட்டமாக விழுந்தது. அதற்குள் ஃபோர்க்லிஃப்ட் வந்து ஹாரன் அடித்தது. லைன் நிற்கக் கூடாது, கிரேட்டை இறக்கித் துருவைக் கழுவப் போகிறார்கள். கழுவிவிட்டால் கோடும் போய்விடும், சேறும் போய்விடும். கலைமதி யோசிக்கவே இல்லை. எந்தக் கறைக்கும் எதை எடுப்பாளோ அதை எடுத்தாள். தின்னரைத் துணியில் தொட்டு லென்ஸைத் துடைத்தாள். கோந்து போய்விட்டது. பளிச்சென்று தெரிந்தது. சேற்றுக் கோட்டை எடுத்தாள், காய்ந்த மேலடுக்கை எடுத்தாள், தார்ப்பாய்க் கட்டுகளை எடுத்தாள், கிரேட்டின் நம்பர் அட்டை தெரிய ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கடைசிக் கிரேட்டை இழுத்தபோது இசக்கிதுரை சிரித்துவிட்டார்.

“இங்கன பாரு தங்கச்சி! ஒரு பய டிக்கெட் எடுக்காம வந்திருக்கான்.”

சேற்றுக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவில், ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. கொம்பை நீட்டிக்கொண்டு என்ன சங்கதி என்று பார்க்கிற மாதிரி இருந்தது. கலைமதிக்கும் அந்தக் கலவரத்தில் சிரிப்பு வந்தது. அதையும் ஒரு படம் எடுத்தாள். ஃபோர்க்லிஃப்ட்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். பாட்டில் மூடியைத் திருகினாள், திருகினோம் என்று நினைத்தாள். கேமராப் பை மழையில் ஊறிக் கிடந்ததால் கேமராவை வெறுமனே தன் பைக்குள் போட்டாள். பாட்டிலும் அதே பைக்குள் போயிற்று.

கேட்டில் சந்திரம்மாள் கேமராவுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி, போனைத் திருப்பிக் கொடுத்தாள். குட்டியானை எப்போதோ போய்விட்டிருந்தது. கலைமதி ஹைவேயில் பெரும்புதூர் பஸ்ஸைப் பிடித்தாள். நிற்கத்தான் இடம். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மழைக்கு ரோடெல்லாம் குழி. பஸ் ஒவ்வொரு குழியாக விசாரித்துக்கொண்டு போயிற்று.

முதலில் ஒரு கிழவிதான் மூக்கைச் சுளித்தாள். அப்புறம் கண்டக்டர் சத்தம் போட்டார்.

“யாருய்யா அது, பெட்ரோல் எடுத்தாந்தது? வண்டியோட சேத்துக் கொளுத்தலாம்னு கீறியா?”

“பெட்ரோல் இல்லீங்க, நெய்ல் பாலீஷ் வாசன” என்றாள் ஒருத்தி.

“பஸ்ஸு முழுக்க அடிக்குது, அது எவ்ளோ பெரிய நகமா இருக்கும்?”

அந்த வாடை கலைமதிக்குத் தெரிந்த வாடை. பையின் அடி ஈரமாகி சுடிதாரில் பட்டு, தொடையில் ஜில்லென்று ஏறியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். “எறங்கும்மா, எறங்கு” என்று கண்டக்டர் விசில் ஊதினார். பெரும்புதூர் ஸ்டாண்டுக்கு முன்பே அவளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கிப் பையைத் திறந்தாள். பாட்டில் காலி. மூடி தனியாகக் கிடந்தது. கேமராவை எடுத்தால் வெள்ளி நிறம் அவள் விரலோடு வந்தது. பின்பக்கம் படம் தெரிகிற கண்ணாடி, கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஆன் செய்கிற பட்டன் இளகி உள்ளே அமுங்கி ஒட்டிக்கொண்டது. நகத்தால் நிமிண்டினாள், அசையவில்லை. பேட்டரி மூடியைத் தள்ளினாள், அதுவும் உடம்போடு உருகிப் பிடித்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். ஊதினாள். காதில் வைத்துக் கேட்டாள், என்னத்தைக் கேட்பதற்கோ. இனி பாஸும் போச்சு, பர்மனென்டும் போச்சு, அம்மா ரேஷன் கடைக்கும் போக முடியாது என்று என்னென்னவோ ஓடியது. லோகேஷுக்குப் போன் போட்டாள்.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு சார். தின்னர் பாட்டில் பையில கவுந்துடுச்சு. கேமரா ஆன் ஆவ மாட்டுது சார்.”

திட்டு விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“படம்?” என்றான் லோகேஷ்.

“எடுத்தேன் சார். உள்ளதான் கீது.”

“இன்னா எடுத்த?”

“கீழ் கிரேட்டு மட்டுந்தான் சார் துரு. சேத்துக் கோடு கீது. நம்ம ஸ்டோராண்ட தண்ணி நின்னுச்சே சார், அது...”

“சரி சரி, வுடு.” அவன் குரல் திடீரென்று வெண்ணெயாகிவிட்டது. “ஏம்மா பயப்படுற? கேமராதானே, பழசு. நீ ஆபீசுக்கு வராத, நேரா வூட்டுக்குப் போ. மழையில நனைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். மீட்டிங்குக்கு நான் போய்க்கிறேன். பர்மனென்ட் ஆவப்போற நேரத்துல நீ எதையும் மனசுல போட்டுக்காத, சரியா?”

போனை வைத்ததும் கலைமதிக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. எதிரே டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கினாள். பன்னைத் தொட்டுக் கடித்தால் வாயெல்லாம் தின்னர் வாடை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொலைந்தால் ஷிப்ட் முழுக்கக் கத்துகிற மனுஷன், கேமராவே போனதற்கு ஏன் கத்தவில்லை?

டீ ஆறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. டாக்கில் அவள் நம்பரை வாங்கி வைத்திருந்த இசக்கிதுரை.

“தங்கச்சி, படம் உங்க ஆபீசுக்குப் போயிட்டாம்மா? இங்க எல்லாரையும் வரச் சொல்லியாச்சு. உங்க சாரு வாராராம். நான் எங்க வீட்டுக்குச் சொல்லிட்டேன், ஒரு பிள்ளை எல்லாத்தையும் போட்டோ புடிச்சிருக்கு, பயப்படாதீங்கன்னு. சரிதானம்மா?”

கேமரா கெட்டுப்போச்சு அண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“வரும்ணா” என்றுதான் வந்தது.

போனை வைத்துவிட்டுக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதைப் போல ஒன்றை எங்கேயோ கையில் வைத்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே? பூர்ணிமா அக்கா கல்யாணத்தில்! அவள் வீட்டுக்காரரின் சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார், வரும்போது இதே வெள்ளிக் கேமராவைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். கலைமதி அப்போது ஒன்பதாவது. பந்தியில் நடந்து நடந்து படம் எடுத்தாள். மறுநாள் மறுவீட்டு விருந்து முடிந்ததும் ஒரு ஒயரை டிவியில் சொருகி எல்லாப் படத்தையும் போட்டுப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு மாமா டிவி முழுக்க வாயாக வந்ததும் வீடே உருண்டு புரண்டு சிரித்தது. அந்த ஒயர்!

பாதி டீயை வைத்துவிட்டு மண்ணூர் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள்.

பூர்ணிமா கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “இன்னாடி இது, வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்க வந்தியா?”

“அக்கா, உன் கல்யாணத்துக் கேமரா ஒயரு கீதா?”

“வந்ததும் வராததுமா ஒயரா? சோறு துன்னியா?”

“அக்கா, ஒயரு!”

பூர்ணிமா அவள் முகத்தைப் பார்த்தாள். பீரோ மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக் கவிழ்த்தாள். பழைய சார்ஜர், உடைந்த ரிமோட், குழந்தையின் கொலுசுத் திருகாணி, எல்லாவற்றுக்கும் அடியில் சிக்கலாக ஒரு ஒயர். ஒரு முனையில் மஞ்சளும் வெள்ளையும் தலை. அதைப் பிரித்தெடுப்பதற்குள் கலைமதி நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள்.

மஞ்சளையும் வெள்ளையையும் டிவியில் சொருகிவிட்டு, மற்ற முனையைக் கேமராவில் வைத்தாள். ஓட்டையின் விளிம்பு உருகி மூடியிருந்தது. ஊசியால் சுரண்டிவிட்டு அழுத்தினாள். போயிற்று. ஆனால் ஆன் பட்டன்தான் செத்துக் கிடக்கிறதே?

“அதை ஏன் நோண்டற?” என்றாள் பூர்ணிமா. “எங்க கேமராவைப் பையன் மண்ணுல போட்டு, லென்ஸு வெளிய வராம சிக்கிக்கிச்சு. ஆன் பட்டன் அமுக்கினா கொர்ருன்னு கத்திட்டு செத்துடும். இந்த முக்கோணப் பட்டன் கீது பாரு, படம் பாக்குறது. அதை அமுக்கிப் புடிச்சா லென்ஸு வராமலே தொறந்துக்கும். அப்பிடித்தான் ரொம்ப நாளா பாத்துக்கினு இருந்தோம்.”

முக்கோணப் பட்டனும் பிசுபிசுவென்றிருந்தது. கலைமதி ஊசி முனையை வைத்து அமுக்கினாள். ஒன்றுமில்லை. பலமாக அமுக்கினாள். டிவி நீலமாகவே இருந்தது. பூர்ணிமா மாமியார் படத்துக்குப் பக்கத்திலிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவை கலைமதி ஊசியை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

டிவி முழுக்க ஒரு நத்தை.

“ஐயே!” என்று பூர்ணிமா பின்னால் நகர்ந்தாள்.

கடைசியாக எடுத்த படம்தான் முதலில் வரும். அதற்கு முந்தின படத்துக்குப் போக அம்புக்குறியை அமுக்கினாள். அந்தப் பட்டன் அசையவே இல்லை. அதற்குள் ஓரத்தில் சிவப்பாகப் பேட்டரி ஒன்று கண் சிமிட்டியது. பேட்டரியை மாற்றவும் வழியில்லை, மூடிதான் திறக்காதே. கலைமதி ஒயரைப் பிடுங்கினாள். கேமரா தானாக அணைந்தது.

“ஏன்டி புடுங்கின? உன் போன்ல ஒரு படம் புடிச்சி அனுப்பிட்டா முடிஞ்சிச்சே!”

“கம்பெனி உள்ள எடுத்த படத்தைச் சொந்த போன்ல புடிச்சா, நத்தையை வுட்டுட்டு என்னைப் புடிச்சிப்பாங்க. எங்க சார் அதுக்குத்தானே காத்துக்கினு கீறாரு.” கலைமதி ஒயரைச் சுற்றினாள். “இதை எடுத்துக்கினு போயி அங்கயே காட்டணும். இன்னும் ஒரு வாட்டிதான் எரியும். அதுவும் எரியுமான்னு தெரியல.”

பூர்ணிமா கொட்டியதை டின்னில் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள். “அந்த டிரைவரு நமக்கு இன்னா முறை?”

“ஒரு முறையும் இல்லக்கா.”

“சரி, ஹெல்மெட்டை எடு.”

கேமராவையும் ஒயரையும் பையனின் டிபன் பையில் வைத்து, பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, கலைமதி தன் சுடிதாருக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டி மழையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பூர்ணிமா பேசிக்கொண்டே ஓட்டுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹைவேயில் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுப் போயிற்று. குழியில் ஸ்கூட்டி இறங்கும்போதெல்லாம் கலைமதி வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கேட்டில் சந்திரம்மாள் கையை நீட்டி மறித்தாள். “உன் பாஸு காலையோட முடிஞ்சிச்சி.”

“அக்கா, மீட்டிங்குக்குப் போவணும்.”

“பேரு இல்லாதவங்களை வுட மாட்டேன்.”

“அப்ப உங்க குவாலிட்டி மேடத்துக்கு ஒரு போன் போடுங்கக்கா. கேமரா வந்துகிதுன்னு மட்டும் சொல்லுங்க.”

சந்திரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சொட்டச் சொட்ட நிற்கிறாள், கை விரலெல்லாம் வெள்ளி. என்ன நினைத்தாளோ, இன்டர்காமை எடுத்தாள். அந்தக் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் சசிரேகா என்கிற அம்மாள். “உள்ள அனுப்பு” என்றாளாம். சந்திரம்மாள் கேமராவை வாங்கி, உருகிப்போன லென்ஸின்மேல் புதிதாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள்.

“செத்த கேமராவுக்கு எதுக்குக்கா ஸ்டிக்கரு?”

“செத்துதா இல்லியான்னு சொல்ல நான் இன்னா டாக்டரா? போ, போ.”

மீட்டிங் ரூமில் ஏசி எலும்பைக் கடித்தது. மேஜையைச் சுற்றிச் சசிரேகா மேடம், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஆள், லோகேஷ். இசக்கிதுரை மட்டும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். கலைமதியைப் பார்த்ததும் லோகேஷ் முகம் கறுத்தது.

“உன்னை வூட்டுக்குத்தானே போவச் சொன்னேன்? மேடம், அந்தக் கேமரா மழையில நனைஞ்சி போயிடுச்சி. அதுல ஒண்ணும் இல்ல.”

“மழையில நனையல மேடம்” என்றாள் கலைமதி. “என் தின்னர் பாட்டிலு கவுந்துடுச்சி. என் தப்புதான். ஆனா ஒரு படம் தெரியும். இந்த டிவியில போட்டுக் காட்டறேன்.”

சசிரேகா மேடம் கையால் டிவியைக் காட்டினாள். கலைமதி மஞ்சளைச் சொருகினாள், வெள்ளையைச் சொருகினாள். ஊசியை மண்ணூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி முக்கோணப் பட்டனை அமுக்கிப் பிடித்தாள். டிவி நீலம். இன்னும் பிடித்தாள். நீலமேதான். லோகேஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மேடம், நேரம் ஆவுது, டிரைவர் மேட்டரை முடிச்சிடலாம்...”

டிவியில் நத்தை வந்தது.

இவ்வளவு பெரிய நத்தையை அந்த ரூமில் யாரும் பார்த்ததில்லை. கொம்பு இரண்டும் முழ நீளம். அதற்குக் கீழே சேற்றுக் கோடு, பக்கத்தில் துரு, மூலையில் கிரேட்டின் நம்பர் அட்டை. சசிரேகா மேடம் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நம்பரை வாய்விட்டுப் படித்தாள்.

“இது எங்கிருந்து உள்ள வந்துச்சு?”

“லாரியில ஏறியிருக்கும் மேடம்” என்றான் லோகேஷ். “மழைக்காலம்தானே.”

“ஓடுத வண்டியில நத்தை எப்படிய்யா ஏறும்?” சுவரோரத்திலிருந்து இசக்கிதுரை குரல் வெடித்துக்கொண்டு வந்தது. “ஒரகடம் கூட்ரோட்டுல நின்னு கையைக் காட்டுச்சா? நான் நிறுத்தி ஏத்திக்கிட்டு வந்தனா?”

டிரான்ஸ்போர்ட்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் சசிரேகா மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். லோகேஷ் சிரிக்கவில்லை. கலைமதியும் சிரிக்கவில்லை, அவள் பேட்டரிச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தண்ணி எங்க நின்னுச்சு?” என்று மேடம் கேட்டாள். கலைமதி லோகேஷைப் பார்க்காமல், “எங்க ஸ்டோருக்கு வெளிய மேடம்” என்றாள். அவள் சொல்லி முடித்ததும் டிவி இருண்டது. அதற்கப்புறம் அந்தக் கேமரா எரியவே இல்லை.

இசக்கிதுரையிடம் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே பூர்ணிமா மழையில் நின்றுகொண்டிருந்தாள். இசக்கிதுரை அவள் முன்னால் போய், “இந்தப் பிள்ளைக்கு நீங்க யாரு?” என்று கேட்டார். “அக்கா” என்றாள். “அப்ப எனக்கும் நீங்க தங்கச்சிதான்” என்று கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறினார். முறை இப்படியும் உண்டாகிறது.

லோகேஷ் கலைமதியை ஒரு வார்த்தை திட்டவில்லை. புதுக் கேமரா வந்தது, பாஸ் வேறு ஒருத்தி பேருக்குப் போயிற்று. அந்தத் தடவை பர்மனென்ட் ஆனவர்களில் கலைமதி இல்லை. குவாலிட்டியிலிருந்து எடுத்து யார்டில் பேக்கிங்குக்குப் போட்டார்கள், வெயிலிலும் மழையிலும் நிற்கிற வேலை. சரோஜா ரேஷன் கடையில் கேமராப் பேச்சை விட்டுவிட்டாள். “எம்பொண்ணுதான் லோடு அனுப்பறா, அவ பாக்காம ஒரு லாரி நகராது” என்று அதையும் ஒரு பெருமையாக்கிக்கொண்டாள். பொய்யென்று சொல்ல முடியாது. கலைமதி கிரேட்டு ஒவ்வொன்றையும் சாய்த்து அடியைப் பார்க்காமல் ஏற்றவிடுவதில்லை. இடுப்பொடிகிற வேலை. அந்தப் படத்தின் கதையைக் கேட்டு லோடு ஏற்றுகிற பையன்கள்தான் முதலில் நத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி அந்தப் பேர் சேரப்பணஞ்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கிரேட்டுகளுக்கு அடியில் மரப்பலகை போட்டிருந்தார்கள். ஒருநாள் லோகேஷ் குடை பிடித்துக்கொண்டு யார்டு வழியாக வந்தான். லாரி கிளம்ப நின்றது.

“பாத்துட்டியா?” என்றான்.

“பாத்துட்டேன் சார்.”

“அடியில?”

“அடியிலயும் பாத்துட்டேன்.”

அவன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே குனிந்து ஒரு கிரேட்டைச் சாய்த்துப் பார்த்தான்.

“சரி, ஏத்து” என்றான்.